முதல் வியாழக்கிழமை

நான் கிராம சுகாதார செவிலியர். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், ஆற்றை ஒட்டிய நாலு ஊர்கள் என் பொறுப்பில். பதினாறு வருடமாக அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டது இந்தக் கைதான். பெயர் இசக்கியம்மாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் வீட்டுக்காரர் சுடலைமுத்து லோடு ஆட்டோ ஓட்டுகிறார், பெரும்பாலும் வாழைத்தார் ஏற்றுவார்.

இப்போது தலை கொஞ்சம் தெளிவாக இருக்கிறது. எத்தனை நாளைக்கு என்று தெரியாது, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று சொல்லப் போவதில்லை. எனக்கு நடந்ததில் இவர்தான் கெடுத்தார் என்று ஒருவரைக் கைகாட்ட என்னால் முடியவில்லை. எல்லோரும் அவரவர் வேலையைத்தான் செய்தார்கள்.

முதலில் வந்தது சந்தோஷம். அதை நோய் என்று யார் நினைப்பார்கள்? இரண்டு மணி நேரம் தூங்கினால் போதும் என்று ஆனது. ஒரே நாளில் நாலு ஊரும் சுற்றினேன். பதிவேடுகளை நாலு கலரில் திரும்ப எழுதினேன். வீடு பளபளவென்று இருந்தது. என் வீட்டுக்காரருக்கே முதலில் பெருமைதான். பிறகு என் பேச்சு நிற்காமல் போனபோதுதான் பயந்தார். "ஏ புள்ள, பைய பேசு. மூச்சு வாங்குதுல்லா" என்பார். எனக்கு அவர்தான் மந்தமாகத் தெரிந்தார்.

போலியோ சொட்டு மருந்து முகாம் முடிந்து, மிச்ச மருந்தை ஆரம்ப சுகாதார நிலையத்தில் திருப்பி ஒப்படைக்க வேண்டும். நான் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஒவ்வொரு குப்பியாகத் திறந்து தாமிரபரணியில் சொட்டுச் சொட்டாக விட்டேன். இந்தத் தண்ணீர்தானே எல்லா ஊருக்கும் போகிறது? இங்கே ஒரு தடவை கொடுத்துவிட்டால் கடல் வரைக்கும் உள்ள அத்தனை பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். இரண்டும் இரண்டும் நாலு என்பதுபோல அது எனக்கு அவ்வளவு தெளிவாக இருந்தது. இத்தனை நாள் வீடு வீடாக அலைந்தோமே என்று சிரிப்புக்கூட வந்தது.

படித்துறையில் குளித்துக்கொண்டிருந்தவர்களும் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. யாரோ என் வீட்டுக்காரருக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் வேட்டியோடு தண்ணீரில் இறங்கி, "வா இசக்கி, கரைக்கு வா" என்று கையைப் பிடித்தார். வேலையைக் கெடுக்கிறாரே என்று மருந்துப் பெட்டியால் முகத்தில் அடித்தேன். புருவத்துக்கு மேலே மூன்று தையல்.

என்னைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனது அவரும், தச்சநல்லூரில் இருக்கும் என் அக்கா பேச்சியும். போகிற வழியெல்லாம் நான் பாடிக்கொண்டு போனேனாம். அக்கா என் வாயைப் பொத்தவில்லை. "பாடட்டும், விடுங்க" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாளாம். இதெல்லாம் பிறகு அவர்கள் சொல்லித் தெரிந்தது.

பெரிய ஆஸ்பத்திரி. மனநல வார்டு கடைசிக் கட்டடத்தில். ஜன்னலுக்கெல்லாம் கம்பிவலை. வளையல், ஊக்கு, கொலுசு எல்லாவற்றையும் கழற்றி ஒரு துணியில் முடிந்து அக்கா கையில் கொடுத்தார்கள். துணைக்கு ஒரு ஆள் எப்போதும் இருக்க வேண்டும் என்பது விதி. அக்கா கட்டிலுக்குக் கீழே பாய் போட்டு இருபத்துநாலு நாள் படுத்தாள். தன் வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று ஒருநாளும் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஊசி போட்டு ஒரு வாரம் தூங்கவைத்தார்கள். கண் தெளிந்தபோது ஒரு பெண் டாக்டர், வயது முப்பதுகூட இருக்காது, கட்டிலில் உட்கார்ந்து என் வீட்டுக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"இதுக்கு இருதுருவ மனநோய்னு பேரு. மனசு சில காலம் ரொம்ப மேல போகும், சில காலம் ரொம்பக் கீழ போகும். மேல போகும்போது தனக்கு நோயிருக்குன்னே அவங்களுக்குத் தோணாது. கீழ போகும்போது தான் இருக்கிறதே நோயாத் தோணும்."

"சரியாயிருமா டாக்டர்?"

"சரியா வச்சுக்கலாம்."

என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. நான் நர்ஸ். சரியாவதற்கும் சரியாக வைத்துக்கொள்வதற்கும் உள்ள தூரம் எனக்குத் தெரிந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

லித்தியம் என்ற மாத்திரையை ஆரம்பித்தார்கள். அது ஒரு வகை உப்பு. மனசு ஏறுவதையும் இறங்குவதையும் கட்டுப்படுத்தும். ஆனால் ரத்தத்தில் அது இருக்க வேண்டிய அளவு மிகக் குறுகியது. குறைந்தால் வேலை செய்யாது. கொஞ்சம் கூடினால் விஷம். அதனால் ஆரம்பிக்கும் முன்னால் சிறுநீரகத்தையும் தைராய்டையும் பரிசோதித்தார்கள். ஆரம்பித்த பிறகும் ரத்தம் எடுத்து அளவு பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள்.

வார்டில் ஸ்டெல்லா என்று ஒரு சிஸ்டர். குலசேகரன்பட்டினம் பக்கம், மீன்பிடிக்கிற குடும்பம். எனக்குப் புத்தி தெளிந்து, ஆற்றில் செய்த காரியம் முழுசாக நினைவுக்கு வந்த அன்று, நான் போர்வையைத் தலைவரை மூடிக்கொண்டு வெளியே வரவேயில்லை. ஸ்டெல்லா வந்து போர்வைக்கு வெளியே உட்கார்ந்தார்.

"நர்சு வேலை பாத்த கையில்லா. புத்தி கெட்டப்பவும் பிள்ளையளுக்கு மருந்து குடுக்கத்தான போயிருக்கு. எந்திரிங்க, தலை வாரி விடுதேன்."

அந்த வார்டில் எனக்குக் கிடைத்த மருந்திலேயே அதுதான் சிறந்தது.

வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்தது. கையில் ஒரு சீட்டு. எங்கள் தாலுகா ஆஸ்பத்திரிக்கு மாதத்தில் முதல் வியாழக்கிழமை மனநல டாக்டர் வருவார், இனி அங்கே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தது. மூன்று வாரத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள்.

"அங்க உள்ள டாக்டருக்கு நான் வாறது தெரியுமா?" என்று கேட்டேன்.

"சீட்டைக் காட்டுங்கம்மா, போதும்" என்றார் அந்தப் பெண் டாக்டர். அன்போடுதான் சொன்னார்.

என் ஊரிலிருந்து ஒரு கர்ப்பிணி, பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அந்த ஊர் செவிலியருக்குப் போன் பண்ணுவேன். பேர், எத்தனையாவது மாதம், ரத்தம் எவ்வளவு எல்லாம் சொல்லுவேன். இரண்டு நாளில் அவள் வந்து சேரவில்லை என்றால் அந்த நர்ஸ் எனக்குப் போன் பண்ணுவாள். ஒரு கை விடும் முன்னே இன்னொரு கை பிடிக்கும். பதினாறு வருடமாக நான் அப்படித்தான் ஆட்களை ஒப்படைத்திருக்கிறேன். என்னை ஒப்படைக்கும்போது நடுவில் இருந்தது ஒரு காகிதம் மட்டும்.

முதல் வியாழக்கிழமை போனோம். மனநல டாக்டரின் அறையில் நாற்காலி காலியாக இருந்தது. அவருக்கு மாறுதல் ஆகிவிட்டது, வேறு ஆள் இன்னும் போடவில்லை என்றார்கள். அன்றைக்கு டூட்டியில் இருந்த பொது டாக்டர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரத்தத்துல லித்தியம் அளவு பாக்கணும்னு எழுதியிருக்கு. இங்கன அந்த டெஸ்ட் கிடையாதும்மா. நான் மனநல டாக்டரும் கிடையாது. பத்து நாளைக்கு எழுதித் தாறேன். டவுனுக்குப் போய்க் காட்டிருங்க."

டவுனுக்கு, அதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெளிநோயாளிகள் வரிசை கட்டடத்தைத் தாண்டி வேப்பமரம் வரைக்கும் நின்றது. எங்கள் முறை வந்தபோது, "உங்கள அங்க அனுப்பியாச்சேம்மா. அங்கதான் பாக்கணும்" என்றார் உள்ளே இருந்தவர். புது முகம். வார்டில் என்னைப் பார்த்த பெண் டாக்டர் படிப்பு முடிந்து போய்விட்டாராம். நான் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன், ஆறு உட்பட. பின்னால் நின்ற ஆட்களும் கேட்டார்கள். ஒரு மாதத்துக்கு எழுதிக் கொடுத்தார். ரத்தப் பரிசோதனையை "அடுத்த தடவை" என்றார்.

தனியார் டாக்டர் ஒருவரிடமும் போனோம். பழைய கோப்பைப் பார்க்காமல் லித்தியத்தின் அளவில் கை வைக்க மாட்டேன் என்றார். அவர் சொன்னது சரிதான். கோப்பு பெரிய ஆஸ்பத்திரியில் எங்கேயோ இருந்தது.

ஸ்டெல்லா சிஸ்டர் மட்டும் தன் சொந்தப் போனிலிருந்து கூப்பிடுவார். "மாத்திர போடுதியளா? உறக்கம் வருதா? கை நடுங்குதா?" மூன்று கேள்விதான். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

நான் வேலைக்குத் திரும்பினேன். சுகாதாரத் துறையில் என்னை வெளியே அனுப்பவில்லை, அது பெரிய காரியம். ஆனால் ஊர் அனுப்பிவிட்டது. ஒரு வீட்டில் ஒன்றரை மாதக் குழந்தைக்கு முதல் தவணை ஊசி. அந்தப் பெண்ணின் கர்ப்பத்தை ஆரம்பத்திலிருந்து பார்த்தவள் நான்தான். அவள் குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"இன்னைக்கு வேண்டாங்கம்மா. பிள்ளைக்கு மேலு சுடுது."

தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. என் கை பட்டதும் அவள் கண்ணில் தெரிந்த பயத்தைப் பார்த்துக் கையை எடுத்துவிட்டேன். அதற்கப்புறம் இன்னும் மூன்று வீட்டில் பிள்ளைகளுக்கு மேல் சுட்டது.

கத்திரி வெயிலில் வயிற்றுப்போக்கு வந்தது. வாந்தியும் சேர்ந்துகொண்டது. உடம்பில் தண்ணீர் வற்றினால் லித்தியம் ரத்தத்தில் ஏறும். எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், வெயிலில் வந்த சாதாரண வயிற்றுப்போக்கு என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் கை வெடவெடவென்று நடுங்கியது. நாக்கு குழறியது. நடந்தால் தள்ளாடியது. தெருவில் என்னைப் பார்த்தவர்கள் "திரும்பவும் ஆரம்பிச்சுட்டு" என்று கதவைச் சாத்தினார்கள். என் வீட்டுக்காரர் ஆட்டோவில் வாழைத்தாருக்குப் பதிலாக என்னைப் படுக்கவைத்துக் கொண்டுபோனார்.

தாலுகா ஆஸ்பத்திரியில் என் மாத்திரை அட்டையைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். உயிரைக் காப்பாற்றினார்கள். சிறுநீரகம் தப்பியது. லித்தியத்தை உடனே நிறுத்தினார்கள், அதுவும் சரிதான். "மனநல மருத்துவரைப் பார்க்கவும்" என்று சீட்டில் எழுதி அனுப்பினார்கள். அடுத்த முதல் வியாழக்கிழமை போனபோது அறை பூட்டியிருந்தது.

ஆக, விஷமாகிவிட்டது என்று ஒருவர் நிறுத்தினார். அதற்குப் பதிலாக வேறொன்றை ஆரம்பிக்க வேண்டியவர் இல்லை. நான் மாத்திரையே இல்லாமல் இருந்தேன். ஸ்டெல்லாவின் போனும் நின்றிருந்தது. நானே கூப்பிட்டேன்.

"என்னைய பிரசவ வார்டுக்கு மாத்திட்டாங்கம்மா" என்றார். குரல் சோர்ந்திருந்தது. "உங்களப் பத்தி அடுத்து வந்த சிஸ்டர்ட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். அவங்களயும் மாத்திட்டாங்களாம். நீங்க டவுனுக்குப் போயிருங்க, விட்டுராதீங்க."

போகவில்லை. மாத்திரை இல்லாத முதல் சில வாரம் நன்றாக இருந்தது. கை நடுக்கம் இல்லை. சோறு ருசித்தது. மாத்திரையை விட்டதும் நன்றாக இருக்கிறது என்று எத்தனை காசநோய்க்காரர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள், எத்தனை பேரை நான் திட்டியிருக்கிறேன்!

மனசு இறங்கும்போது சத்தமே இல்லை. ஒருநாள் சீப்பை எடுக்க முடியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், சாயந்திரம் ஆகிவிட்டது. பிறகு குளிப்பது நின்றது, சாப்பிடுவது நின்றது. துக்கம் என்று சொல்ல முடியாது. துக்கத்தில் அழுகையாவது வரும். இது மரத்துப்போன பல் மாதிரி. அவர் லோடுக்குப் போகும் முன்னால் கஞ்சியை ஊட்டிவிட்டுப் போவார். வாயில் இருப்பதை விழுங்க வேண்டும் என்பதுகூட எனக்குத் தாமதமாகத்தான் தோன்றும்.

அக்கா வந்திருந்தபோது அவளிடம், "நான் இல்லாமப் போனா உங்க எல்லாருக்கும் லேசா இருக்கும்" என்றேன். வருத்தத்தோடு சொல்லவில்லை. கணக்கு சொல்வதுபோலச் சொன்னேன். அக்கா என் வாயிலேயே ஒரு அடி வைத்தாள், பிறகு அதே கையால் வாயைத் தடவிவிட்டாள். வாசலில் நின்று இதைக் கேட்ட அவர் அன்று லோடுக்குப் போகவில்லை. எதையெல்லாம் ஒளிக்க வேண்டும் என்று தோன்றியதோ அதையெல்லாம் ஒரு சாக்கில் கட்டிப் பக்கத்து வீட்டில் கொடுத்தார். மறுநாள் விடிந்ததும் மூன்று பேரும் திருநெல்வேலிக்குப் புறப்பட்டோம்.

அதே வார்டு. ஒரு முகமும் தெரிந்த முகம் இல்லை. ஒரு பயிற்சி டாக்டர் வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "முதல்ல இருந்து சொல்லுங்கம்மா" என்றார்.

என்னால் முடியவில்லை. எத்தனையாவது தடவை என்றுகூட எண்ண முடியவில்லை. என் வீட்டுக்காரர்தான் சொன்னார். மாதங்களை மாற்றி மாற்றிச் சொன்னார், மாத்திரைப் பேர் அவருக்கு வாயில் நுழையவில்லை.

"புருவத்துல என்ன காயம்?" என்று கேட்டார் டாக்டர்.

"அது லோடு ஏத்தும்போது கதவு இடிச்சது சார்."

நான் யாரையும் அடிக்கக்கூடியவள் என்று எழுத வேண்டிய இடத்தில் அந்தத் தாளில் ஒன்றும் எழுதப்படவில்லை.

முப்பத்தோரு நாள் இருந்தேன். மனசை நிலையாக வைக்க, வலிப்பு நோய்க்கும் கொடுக்கிற ஒரு மாத்திரை கொடுத்தார்கள், தூங்குவதற்கு இன்னொன்று. பைய பைய ஏறி வந்தேன். ஒருநாள் அக்கா கொண்டுவந்த தேங்காய்ப்பால் சொதி மணத்தது, அப்போதுதான் பிழைத்துவிட்டேன் என்று தெரிந்தது. மாத்திரைகளை என் கையில் தரக்கூடாது, என் வீட்டுக்காரர்தான் வைத்திருந்து வேளைக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

போகும் முன்னால் அதே சீட்டு. அதே தாலுகா ஆஸ்பத்திரி, அதே முதல் வியாழக்கிழமை.

"அங்கன டாக்டர் இல்ல சார்" என்றேன்.

அந்தப் பயிற்சி டாக்டர் நல்ல பையன். என் எதிரிலேயே போனை எடுத்து அங்கே கூப்பிட்டார். ரொம்ப நேரம் மணி அடித்தது. பிறகு யாரோ எடுத்தார்கள். "இன்னும் போடலையா? எப்ப போடுவாங்க? சரி, சரி." போனை வைத்துவிட்டுச் சீட்டைப் பார்த்தார். அதை மாற்றவில்லை.

"வேற எங்கம்மா எழுத? உங்க ஊருக்கு அந்த இடம்தான் போட்டிருக்கு" என்றார். சீட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

போன வியாழக்கிழமை போனோம். பூட்டிய அறைக்கு முன்னால் பெஞ்சில் எங்களோடு ஒன்பது பேர் இருந்தார்கள். பத்து மணி, பதினொரு மணி, பன்னிரண்டு. முக்கூடலில் இருந்து வந்த ஒரு அம்மா, கூட வந்த மகனின் சீட்டை என்னிடம் நீட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். மகனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். படித்துச் சொன்னேன். எந்த மாத்திரையை எப்போது, எதை நிறுத்தவே கூடாது என்று சொன்னேன். இன்னொருவர் நீட்டினார். இன்னொருவர். ஐந்து சீட்டு படித்துவிட்டேன்.

"நீங்கதான் புது டாக்டரா?" என்று அந்த அம்மா கேட்டாள்.

"இல்லம்மா. நானும் காட்டத்தான் வந்திருக்கேன்."

அவள் சீட்டை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி மடித்துக்கொண்டாள். ஒரு மணிக்கு ஒரு ஊழியர் வந்து, இன்றைக்கு யாரும் வர மாட்டார்கள், அடுத்த மாதம் வாருங்கள் என்றார். ஒருவரும் சண்டை போடவில்லை. முக்கூடல் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அந்த அம்மா மகனின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். மருந்து கொடுக்கும் இடத்தில் எங்கள் மாத்திரை இருப்பு இல்லை. வெளியே மருந்துக்கடையில், "புதுச் சீட்டு இல்லாம இந்த மாத்திரைய குடுக்க முடியாது அண்ணாச்சி" என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து, "டவுனுக்குப் போவோம்" என்றேன்.

"போவோம். போனா, அங்கன போன்னுதான் சொல்லுவாங்க. ஆனாலும் போவோம்."

சாப்பிட்டு முடித்ததும் மாத்திரை டப்பாவை எடுத்தார். தட்டைக் கவிழ்த்துப் போட்டு, முகம் மழிக்கிற பிளேடை எடுத்து, மாத்திரையைத் தட்டின் மேல் வைத்து நடுவில் அழுத்தினார். ஒரு பாதி தெறித்துத் தரையில் விழுந்தது. குனிந்து தேடி எடுத்து, ஊதி, டப்பாவில் போட்டு மூடினார்.

"பன்னெண்டு மாத்திரதான் கெடக்கு. பாதி பாதியாக் குடுத்தா கொஞ்ச நாள் இழுக்கும்லா" என்றார். "முழுசா இல்லாட்டியும் பாதியாவது உள்ள போவட்டும். சரிதான புள்ள?"

அந்த மாத்திரையை வெட்டக் கூடாது. மேலே ஒரு பூச்சு இருக்கிறது, வயிற்றில் கரையாமல் குடலில் போய்க் கரைவதற்காக. பாதி அளவு எதையும் தடுக்காது. எல்லாம் எனக்குத் தெரியும். வேறு யாருக்காவது என்றால் பிளேடைப் பிடுங்கியிருப்பேன். அவர் பாதி மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டிக்கொண்டு, மற்றக் கையில் தண்ணீர்ச் சொம்போடு, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிதான்" என்றேன்.

வாங்கி வாயில் போட்டேன். வெட்டுப்பட்ட பக்கம் நாக்கில் பட்டுக் கசந்தது.